பச்சைக் கதவும் பொங்கிய பாலும்

நான் நில அளவையாளனாக இருந்தவன். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் மற்றவர்களுடைய வேலிகளை அளந்தேன். பிறகு ரொறன்ரோவில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் வரைபடம் கீறினேன். ஆகவே, நான் எங்கேயாவது வழி தவறினால் அது அந்தப் பாதையின் பிழை என்று எழுபத்திரண்டு வயதுவரை உண்மையாகவே நம்பியிருந்தேன். நின்று ஒருவரிடம் வழி கேட்பது எனக்குப் பல் பிடுங்குவதைப் போல. (என் மனைவி சறோ இதையும் ஒப்புக்கொள்வதில்லை. பல்லையாவது இரண்டு தரம் பிடுங்கியிருக்கிறார், வழி ஒருதரமும் கேட்டதில்லை என்பாள்.)

இந்த நம்பிக்கையோடு ஒரு மார்கழி மாதம் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றில் நான் செய்த காரியத்தை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். சொல்லும்போது ஒரு பகுதியை மட்டும் விட்டுவிடுவார்கள். என் வயதுக்குக் காட்டும் மரியாதை அது. அந்தப் பகுதியையும் சேர்த்து நானே எழுதிவிடுவது நல்லது என்று படுகிறது.

விடுபட்ட பகுதியிலிருந்தே தொடங்குகிறேன்.

சறோவுக்கு ஒரேயொரு அக்கா. தவமணி என்று பெயர், லண்டனில் இருக்கிறார். அந்தப் பயணத்துக்கு ஒன்பது வருடங்கள் முன்பு தவமக்காவின் ஒரே மகள் தர்ஷினிக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் ஆட்களிடம் கலியாணத்துக்குச் சொல்வதில் ஒரு முறை இருக்கிறது. நெருங்கிய சொந்தம் என்றால் நேரில் வந்து சொல்லவேண்டும். கடல் குறுக்கே இருந்தால் முதலில் ரெலிபோனில் சொல்லிவிட்டு, பிறகு கார்ட் அனுப்பவேண்டும். எங்களுக்குக் கார்ட் முதலில் வந்துவிட்டது. தவமக்காவின் கணவர், அதாவது என் சகலன் நடேசண்ணை, நாலு நாள் கழித்துத்தான் ரெலிபோன் எடுத்தார். பாவம், தபால் அவ்வளவு கெதியாய் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அந்த நாலு நாளும் நான் வீட்டுக்குள் மேலும் கீழும் நடந்து ஒரு பெரிய கோபத்தைத் தயாரித்து வைத்திருந்தேன். ஆனால் நடேசண்ணையின் குரலைக் கேட்டதும் அதை நேரே காட்ட எனக்குத் துணிவு வரவில்லை. என்ன சொன்னேன் தெரியுமா?

"சறோவுக்குத்தான் வர விருப்பமில்லை, அண்ணை. நான் என்ன செய்யிறது?"

அப்போது சறோ கீழே, கலியாணத்துக்கு எடுத்த சேலைக்குப் பொருத்தமான சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். மேலே வந்தவளிடம், முறையாகச் சொல்லாத கலியாணத்துக்கு நாங்கள் போவதில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு எனக்குத் தெரியாமல் அக்காவுக்கு அடித்துப் பார்த்திருக்கிறாள். அக்கா எடுக்கவில்லை. சொந்தத் தங்கையே வர மனமில்லை என்றாள் என்று கேட்டவர் எப்படி எடுப்பார்? அக்கா ஏதோ கோபம் என்று இவள் நினைத்தாள். தங்கை தன்னை வேண்டாம் என்றுவிட்டாள் என்று அவர் நினைத்தார். இப்படியே ஒன்பது வருடம் போயிற்று. நடுவில் நான் ஒருவன் மூன்று வேளையும் சாப்பிட்டு, நன்றாக நித்திரை கொண்டேன்.

பிறகு தவமக்காவுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. அது முடிந்து இரண்டு மாதத்தில் தர்ஷினி சறோவை அழைத்துப் பேசினாள். அம்மாவுக்கு உங்களைப் பார்க்கவேண்டுமாம், வாருங்கள் சின்னம்மா என்றாள். லண்டன் வீட்டில் எந்நேரமும் ஆட்கள் வந்துபோவார்கள் என்பதால், கொட்ஸ்வோல்ட்ஸ் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மூன்று நாளுக்கு ஒரு சின்ன வீடு எடுத்துத் தருவதாகவும் சொன்னாள். "நாலு பேரும் ஒரு கூரைக்குக் கீழை இருந்தால் கதைக்கத்தானே வேணும்" என்றாள். கெட்டிக்காரப் பிள்ளை.

சகோதரிகள் இருவரும் மனம்விட்டு அரைமணி நேரம் பேசினால் என் பொய் வெளியே வந்துவிடும். பேசவிடாமல் செய்ய என்ன வழி என்று யோசித்தேன். வரைபடக்காரனுக்குத் தெரிந்த வழிதான் தோன்றியது. கடையில் ஒரு பெரிய மடிப்பு வரைபடம் வாங்கி, சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன். மூன்று நாளில் பதினான்கு கிராமங்கள். ஒரு கிராமத்துக்கு இருபத்தைந்து நிமிடம். இங்கிலாந்துக் கிராமங்களின் அழகைப் பற்றி விமானத்தில் ஏறும்வரை சறோவுக்கு நான் வகுப்பெடுத்தேன். "உங்களுக்கு உதிலை இவ்வளவு விருப்பமெண்டு எனக்குத் தெரியாது" என்றாள் அவள். எனக்கும் தெரியாதுதான்.

போதாததற்கு, கனடாக்காரன் என்ற திமிர் வேறு. முப்பது வருடம் ரொறன்ரோப் பனியைச் சவலால் வாரியவன் லண்டன் குளிருக்கெல்லாம் பயப்படுவதா? தடித்த ஜக்கற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு, இலையுதிர் காலத்துக்குப் போடுகிற மெல்லிய ஒன்றோடு புறப்பட்டேன். விமான நிலையத்தில் எங்களைக் கூட்டிப்போக வந்த நடேசண்ணை, தொப்பி, கழுத்துச்சால்வை, கையுறை எல்லாம் போட்டு நின்றார். "உதெல்லாம் ஒரு குளிரே, அண்ணை?" என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் பேசாமல் என் பெட்டியைத் தூக்கினார். லண்டனில் முப்பது வருடம் பலசரக்குக் கடை நடத்தியவர். ஆரோடும் வாதாட மாட்டார். அந்தக் குணம்தான் எனக்கு அவரில் பிடிக்காதது.

மறுநாள் காலை புறப்பட்டோம். நடேசண்ணை காரோட்ட, நான் முன்னால் மடியில் வரைபடத்தோடு. பின்னால் அக்காவும் தங்கையும். அவர்களுக்கு நடுவில் புட்டும் கோழிக்கறியும் கட்டிய பை. முழங்கால் நோவைப் பற்றியும் மருந்துக் குளிசைகளைப் பற்றியும் இருவரும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருக்க நேர்ந்த இரண்டு பேர் போல. தவமக்கா தன் தங்கையை "நீ" என்று அல்ல, "நீர்" என்றுதான் கூப்பிட்டார். சின்ன வயதில் தலை இழுத்துப் பின்னிவிட்ட தங்கையை.

கிராமங்கள் அழகுதான், அதில் குறையில்லை. தேன் நிறத்துக் கல் வீடுகள், தடித்த வைக்கோல் கூரைகள், இலை உதிர்ந்த மரங்களுக்கு நடுவே ஒரு தேவாலயக் கோபுரம், முழங்கால் ஆழத்தில் ஓர் ஆறு, அதற்குக் குறுக்கே ஒரு கல் பாலம். நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை மேய்ப்பதுபோல, இறங்குங்கள், பாலத்தைப் பாருங்கள், ஏறுங்கள் என்று மூன்று பேரையும் விரட்டினேன். மூன்றாவது கிராமத்தில் தவமக்கா ஆற்றங்கரை வாங்கில் உட்கார்ந்துவிட்டார். தங்கைக்குத் தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"நான் இதிலை கொஞ்சம் இருக்கப்போறன். சறோ, நீரும் இரும்."

சறோ அந்த வாங்கைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நான் மணிக்கூட்டைக் காட்டினேன். இருட்டமுதல் இன்னும் இரண்டு இருக்கிறது என்றேன். நெஞ்சைக் கீறித் தைத்து மூன்று மாதமான மனுசியை எழுப்பிக் காரில் ஏற்றினேன்.

தங்கவேண்டிய கிராமத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் நாலு மணி. நல்ல இருட்டு. காரில் இருந்த வழிகாட்டும் பெட்டி ஒரு சந்தியில் வைத்து, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. சுற்றிவர ஏழெட்டு வீடு. ஒன்றுக்கும் இலக்கம் கிடையாது. அந்த ஊரில் வீடுகளுக்குப் பெயர்தானாம். நடேசண்ணை, மகள் அச்சடித்துக் கொடுத்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அதில் ஒரு வீட்டின் படம் இருந்தது. வைக்கோல் கூரை, பச்சைக் கதவு, வாசலில் பூச்சாடி.

நான் இறங்கி ஐம்பது அடி நடந்தேன். வைக்கோல் கூரை. பச்சைக் கதவு. பூச்சாடி. (அந்த ஊரில் பாதி வீடுகள் ஒரே பெரிய பண்ணைக்குச் சொந்தமானவை, அத்தனை கதவுக்கும் ஒரே பச்சைதான் அடிப்பார்கள் என்பதை மறுநாள் அறிந்தேன்.)

"இதுதான்" என்றேன்.

நடேசண்ணை மெதுவாக ஒன்று சொன்னார். "சிவம், சாவிக்கு ஒரு பெட்டி இருக்குமாம். நம்பர் போட்டுத் திறக்கவேணுமெண்டு பிள்ளை சொன்னவள். ஒருக்கா ஆரையும் கேப்பமே?"

நான் பூச்சாடியைத் தூக்கினேன். அடியில் சாவி இருந்தது. அதை உயர்த்திப் பிடித்து அவருக்குக் காட்டினேன். எப்படிக் காட்டினேன் என்று நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

உள்ளே கணகணப்பாக இருந்தது. மேசையில் பழக் கேக் ஒன்று, பக்கத்தில் கையால் எழுதிய துண்டு. வாருங்கள் கண்மணிகளே, கேக்கை வெட்டிச் சாப்பிடுங்கள், ஆறு மணிபோல் வந்துவிடுவேன் என்று இருந்தது. எங்களைப் பார்த்துப்போக வீட்டுக்காரி வருவாள் என்று நான் விளக்கம் சொன்னேன். வெள்ளைக்காரருடைய விருந்தோம்பலைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னேன். சுவரெல்லாம் யாரோ பிள்ளைகளின் படங்கள். "வாடகைக்கு விடுற வீட்டிலை ஏன் இவ்வளவு படம்?" என்று தவமக்கா கேட்டார். அலங்காரம் என்றேன்.

பிறகு பால் காய்ச்சினோம். புது வீட்டுக்குள் போனால் முதலில் பால் காய்ச்சவேண்டும். மூன்று நாள் வாடகை வீடு என்றாலும் வீடு வீடுதானே என்று அடம்பிடித்தவன் நான்தான். குளிரூட்டியில் பால் இருந்தது. அடுப்பு, வார்ப்பிரும்பில் செய்த பெரிய வெண்ணெய் நிறத்து அடுப்பு. இரவு பகலாக அணையாமல் எரிவது. பால் பொங்கி வழியவேண்டும் அல்லவா? வழிந்தால்தானே நல்லது? சறோ பாத்திரத்தை இறக்கப் போனாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். பால் நான்கு பக்கமும் வழிந்து, அந்தச் சுடுதகட்டில் பட்டுக் கரிந்து, வீடு முழுவதும் ஒரு நாற்றம் பரவியது. கிழக்குப் பக்கமாகப் பொங்கியது என்று நான் திருப்திப்பட்டேன்.

பகல் முழுவதும் பட்ட அந்த ஈரக் குளிர் என் மெல்லிய ஜக்கற்றுக்குள்ளால் எலும்புவரை போய்விட்டிருந்தது. எனக்குப் பல் அடித்தது. ஆனால் குளிருகிறது என்று நடேசண்ணைக்கு முன்னால் சொல்லலாமா? மாடியில் ஒரு அறைக் கதவின் பின்னால் கம்பளியில் செய்த நீளமான வீட்டு அங்கி ஒன்று தொங்கியது. நல்ல ஹொட்டேல்களில் இப்படி வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கீழே ஒரு சோடி செருப்பும் இருந்தது. இரண்டையும் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, மேசையின் தலைமாட்டில் இருந்து, கேக்கை வெட்டினேன். மூன்று துண்டு சாப்பிட்டேன். நாலாவதைக் கையில் எடுத்தபோது வாசல் கதவு திறந்தது.

எண்பது வயதிருக்கும். கையில் ஊன்றுகோல், தலையில் பின்னல் தொப்பி. அந்த அம்மா முதலில் புட்டைப் பார்த்தார், பிறகு அடுப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னை என்றால் என் முகத்தை அல்ல. அந்த அங்கியை. அப்படியே நின்றார்.

அது அவருடைய கணவருடையது. அவர் போய் ஐந்து வருடமாம். கேக் அன்றிரவு வரவிருந்த மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சுட்டது. எங்கள் வீடு மூன்று கதவு தள்ளி இருந்தது, சாவிப் பெட்டியோடு. இதெல்லாம் இரண்டொரு கேள்வியிலேயே வெளியே வந்துவிட்டது.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? எழுந்து கைகூப்பி, என் பிழை என்று சொல்லியிருக்கவேண்டும். எனக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். அந்த நல்ல ஆங்கிலத்தில், இலக்கணம் பிசகாமல், நடேசண்ணையைக் கையால் காட்டி, ஏற்பாடு செய்தது என் சகலன், விலாசத்தை மாற்றித் தந்துவிட்டார், வயதானவர், மன்னிக்கவேண்டும் என்று சொன்னேன். நடேசண்ணை என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, ஓம், என்னுடைய பிழைதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

சறோவின் கையில் பிளேட் ஒன்று இருந்தது. அதை மேசையில் வைத்தாள்.

"அத்தான் பிழையெண்டு ஏன் சொல்லுறியள்? அவர் சாவிப் பெட்டியெண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னவர். எப்பவும் உப்பிடித்தான். செய்யிறது நீங்கள், பழி மற்ற ஆக்களிலை."

தவமக்கா கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. எழுந்து ஓடவேண்டும்போல இருந்தது. ஆனால் காலில் இன்னொருவருடைய செருப்பு.

"அப்ப தம்பி," என்றார் தவமக்கா, "கலியாணத்துக்கு வர விருப்பமில்லையெண்டு சொன்னதும்?"

"ஆர் சொன்னது?" என்றாள் சறோ.

அடுப்பில் பால் இன்னும் கரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா ஊன்றுகோலைப் பிடித்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்தார். கையில் இருந்த கேக் துண்டை எங்கே வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"நான்தான் சொன்னனான்" என்றேன். "அவவுக்கு ஒண்டும் தெரியாது. அவ சேலையும் எடுத்து, சட்டையும் தைச்சு வைச்சிருந்தவ. கார்ட் முதல் வந்திட்டுதெண்ட கோவத்திலை அவவின்ர பேரைச் சொல்லிப்போட்டன்."

சறோ என்னைத் திட்டவில்லை. அவள் முகத்தில் கோபம்கூட வரவில்லை. யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். தவமக்காதான் அழத் தொடங்கினார்.

"உனக்கெண்டு வைச்ச கலியாணத் தட்டத்தை, சறோ, பக்கத்து வீட்டுப் பெட்டைதான் தூக்கினவள். கடைசி மட்டும் வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

இரண்டு கிழவிகளும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழ, தமிழ் ஒரு சொல்லும் தெரியாத அந்த அம்மா பதறிப்போனார். நாங்கள் கேக்குக்காகச் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்துவிட்டார். கிட்ட வந்து, இது வெறும் கேக், இன்னொன்று சுடலாம், குடும்பத்துக்குள் இதற்காகச் சண்டை வேண்டாம், தயவுசெய்து என்று கெஞ்சினார். மிச்சக் கேக்கைத் தாளில் சுற்றி எங்களிடமே தந்தார். தானே ரோச் லைற்றோடு முன்னால் நடந்து எங்கள் வீட்டைக் காட்டினார். என் பெட்டியையும் நடேசண்ணைதான் தூக்கி வந்தார். பாதி வழியில்தான் நான் இன்னும் அங்கியோடு நடக்கிறேன் என்று கண்டேன். கழற்றிக் கொடுத்தேன். அந்த அம்மா அதை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு, இதற்குள் ஓர் ஆள் இருந்து கனகாலம் என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை நான் ஒரு வாளியும் துணியுமாக அந்த வீட்டுக்குப் போனேன். கரிந்த பால் கல்லாகியிருந்தது. முழங்காலில் நின்று தேய்த்தேன். சிறிது நேரத்தில் நடேசண்ணையும் வந்து, பக்கத்தில் குந்தி, ஈரத்துணி எடுத்துக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் தேய்த்தோம். தேய்த்தபடியே, தலையை நிமிர்த்தாமல், அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒன்பது வருடத்துக்கும் சேர்த்துக் கேட்டேன். நான் முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி," என்றார். "அந்த மூலையிலையும் கொஞ்சம் தேயும்."

மிச்சம் இருந்த ஒன்பது கிராமங்களை ஒருவரும் பார்க்கவில்லை. சகோதரிகள் இரண்டு நாளும் குசினி மேசையை விட்டு எழும்பவில்லை. ஒன்பது வருடக் கதை அவ்வளவு இருந்தது. நானும் நடேசண்ணையும் வெளியே அனுப்பப்பட்டு, ஒரே பாலத்தை ஆறு தரம் பார்த்தோம். சறோ என்னோடு பேசிய முதல் வார்த்தை விமானத்தில், ரொறன்ரோவில் இறங்கப் போகும்போது. பெல்ற்றைப் போடச் சொன்னாள்.

பிறகு பேசினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும் கேட்டாள், பக்கத்து வீட்டுப் பெட்டைக்கு என்ன வயதிருக்கும் என்று. எனக்கு விளங்கவில்லை. என்ர தட்டத்தைத் தூக்கினவளைத்தான் சொல்லுறன் என்றாள்.

கதை ரொறன்ரோவுக்கும் வந்துவிட்டது. தர்ஷினி சொல்லியிருக்கவேண்டும். யூனியன்வில்லில் மகன் வீட்டு மணியை நான் அடித்தால், பேத்தி கதவைப் பாதி திறந்து, ஆரின்ர வீடு தேடுறீங்கள், அப்பப்பா என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். றிச்மண்ட் ஹில் கோயிலில் பழைய சிநேகிதர்கள், அண்ணை பால் காய்ச்ச எங்கடை வீட்டுக்கும் ஒருக்கால் வாங்கோ என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவர்கள் அறிந்தது அவ்வளவுதான்.

போன மாதம் பிறம்ரனிலிருந்து என் ஒன்றுவிட்ட தம்பி, மகளின் கலியாணத்துக்குச் சொல்ல ரெலிபோன் எடுத்தான். முறைப்படி, கார்ட் வருமுன்னர். கட்டாயம் வாறியள்தானே, அண்ணியும் வருவாதானே என்று கேட்டான். சறோ மேலே துணி மடித்துக்கொண்டிருந்தாள். வருவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"ஒரு நிமிசம் பொறு" என்று அவனிடம் சொல்லிவிட்டு, பதின்மூன்று படியும் ஏறிப்போய், ரெலிபோனை அவள் கையில் கொடுத்தேன்.